தண்ணீர் ஆடாத அறை

பெருமுக்கல் பக்கத்துக் கரம்பில் கிணறு வெட்டினேன். தண்ணீர் வராது என்றவர்களே அதில் குடம் இறக்கி மொண்டார்கள். வங்கியில் என்னை உட்காரக்கூடச் சொல்லாத காலத்தில், திண்டிவனத்தில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உடைக்கிற மில் வைத்தேன். அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன் விழுப்புரத்தில் வீடு கட்டினேன், பூமிக்கு அடியில் ஓர் அறையோடு. இதெல்லாம் ஊருக்குத் தெரியும். அந்த அடி அறையின் சத்தம் வெளியே வராமல் செய்தவனும் நான்தான். அதுதான் ஊருக்குத் தெரியவில்லை.

பாட்டுக் கேட்கவும் டிவி பார்க்கவும் என் மகன் அந்த அறையை எடுத்துக்கொண்டான். சென்னையிலிருந்து ஒரு கம்பெனியை வரவழைத்து, சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை ஒட்டவைத்தான். எதிரொலி போய், பாட்டு தெளிவாகக் கேட்டது. ஆனால் கீழே பாட்டில் மேளம் அடிக்கும்போதெல்லாம் மேலே சமையலறையில் தட்டுகள் கிலுகிலுவென்று ஆடின.

“இன்னொரு வாட்டி என் தட்டு ஆடுச்சின்னா, அந்தப் பாட்டுப் பொட்டியத் தூக்கினு போயி ரோட்ல வச்சிடுவேன்,” என்றாள் என் மனைவி.

“சுவருக்குள்ள இன்னொரு சுவரு எழுப்பணும். ரெண்டும் தொடவே கூடாது,” என்றேன்.

“அப்பா, இது மல்லாட்டை மில்லு இல்லப்பா,” என்று மகன் சிரித்தான்.

மில்லில் கற்றதுதான் அது. தன் சுவர் அதிர்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தபோது, மோட்டார் மேடையைத் தரையிலிருந்து தனியாக வெட்டி, சுற்றிலும் மணல் நிரப்பினேன். அவர் ஜன்னலில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, அது அசைவது நிற்கும்வரை நான் விடவில்லை.

இங்கேயும் அதே வேலைதான். மணல் பரப்பி அதன்மேல் தளம் போட்டு, பழைய சுவரிலிருந்து கையகலம் தள்ளி உள்சுவர் எழுப்பினோம். உள்கூரையும் அந்தச் சுவர்மேலேயே உட்கார்ந்தது. கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவு. பஞ்சுப் பலகைகளைக் கம்பெனிக்காரர்களே வந்து திரும்ப ஒட்டினார்கள்.

சமையலறைத் தரையில் சொம்புத் தண்ணீர் வைத்து, மனைவியை எதிரே உட்காரச் சொன்னேன். மகன் கீழே நாயனமும் தவிலும் முழுச் சத்தத்தில் வைத்தான்.

“ஆடுதுங்க,” என்றாள். “கொஞ்சந்தான். ஆனா ஆடுது.”

படிக்கட்டுப் பக்கச் சுவரைத் தடவிக்கொண்டே போனேன். ஓர் இடம் மட்டும் உள்ளங்கையில் துடித்தது. உடைத்துப் பார்த்தால், கட்டும்போது சிந்திய கலவை இடைவெளியில் இறுகி, இரண்டு சுவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதைக் கொத்தி எடுத்து, ஓட்டையை அடைத்து, மறுபடி சொம்பை வைத்தோம்.

“இப்ப?” என்றேன்.

“எப்பங்க பாட்டுப் போடுவான்? நானும் பாத்துக்கினே கீறேன்.”

கீழே பாட்டு ஓடி முடிந்தே போயிருந்தது.

போன வாரம் சம்பந்தி வந்தார். மகன் அறையைத் திறந்து காட்டி, “சென்னை கம்பெனி பண்ணதுங்க மாமா,” என்றான். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். கதவிலும் கம்பெனியின் பெயர்ப்பலகைதான் பளபளக்கிறது.

உள்ளே பாட்டு இனிமையாகக் கேட்பது அவர்கள் வேலை. அதை இல்லை என்று நான் சொல்லவில்லை. வெளியே கேட்காதது என் வேலை. மகனே, அந்தப் பலகைக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், என் பெயரையும் அடி. யார் வந்தாலும், உள்சுவர் எங்கப்பா எழுப்பினது என்று முதலில் சொல். அப்புறம் கதவைத் திற.