ஷைனி பற்றவைக்காத சூளை

1. கேட்டருகே நின்றவர்

சூளைக்குள் ஜாடிகளை அடுக்கி, வாயைச் செங்கல் வைத்து அடைத்து, விறகையும் பக்கத்தில் குவித்தாயிற்று. மறுநாள் விடியும்முன் பற்றவைப்பதாக ஏற்பாடு. அன்று காலை பக்கத்துத் தோட்டத்துப் பழனிச்சாமி வந்து எங்கள் பட்டறைக் கேட்டருகே நின்றார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தார். எங்கள் பக்கத்தில் சண்டை பிடிக்க வருகிறவர்களும் மரியாதையோடுதான் வருவார்கள்.

"ஏனுங்க அம்மணி, நாளைக்குச் சூளை மூட்டப் போறீங்களாமா?"

"ஆமாங்கண்ணா."

"மூட்டாதீங்க. நேத்துத்தான் குஞ்சு எறக்கியிருக்கறேன்."

அவருக்குக் கோழிப்பண்ணை. எங்கள் சூளைக்கு நேர் கிழக்கே, ஒரு சோளக்காடு தள்ளி, அவருடைய நீளமான செட்டு. போன மாசியில் ஒருமுறை சோதனைக்காக அதே சூளையைச் சுட்டோம். அப்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குக் காற்று கிழக்கிலிருந்து வீசியதால் புகை அவர் பக்கம் போகவே இல்லை. இது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிற காற்று பல்லடம் பக்கத்தில் எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கொடியில் காயப்போட்ட துணியைத் தேடி அடுத்த காட்டுக்குப் போக வேண்டும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இருபது வருடத்துக்கு மேல் கோயம்புத்தூரில் ஒரு ஃபவுண்டரியில் ஷெல் ரூமில் இருந்தேன். மெழுகு அச்சை மண்குழம்பில் முக்கி, காயவைத்து, சுட்டு எடுக்கிற வேலை. அதன் பிறகு, பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு மில் குடும்பம் நடத்துகிற அருங்காட்சியகத்தில் செராமிக் பட்டறைக்கு இன்சார்ஜாக வந்தேன். வருடந்தோறும் அங்கே ரெசிடென்சி நடக்கும். மண்ணில் வேலை செய்கிற கலைஞர்கள் வெளியூர்களிலிருந்து வந்து சில வாரம் தங்குவார்கள். இடம், மண், சூளை எல்லாம் நாங்கள் கொடுப்போம். அவர்கள் தங்கள் வேலையைச் செய்து, கடைசியில் கண்காட்சி வைத்துவிட்டுப் போவார்கள். நிறையப் பேர் வந்து போயிருக்கிறார்கள். அதில் ஷைனியைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

2. இடுப்பளவு ஜாடிகள்

ஷைனி கேரளத்துக் கண்ணூர்க்காரி. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். வயது நாற்பது இருக்கும். சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்தாள். விறகுச் சூளையில் சுட வேண்டும் என்பது அவளுக்குப் பல வருட ஆசை. விறகின் சாம்பல் தீயோடு பறந்து வந்து ஜாடிமேல் படியும். சூடு ஏறினதும் அந்தச் சாம்பலே உருகிக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பளபளப்புக்குத் தனியாக கிளேஸ் பூச வேண்டாம். எந்த ஜாடி எப்படி வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது.

அவள் வேலை செய்வதைப் பார்ப்பதற்கென்றே நான் சீக்கிரம் வந்துவிடுவேன். இடுப்பு உயரத்துக்கு ஜாடி. முதலில் அடிப்பாகத்தைச் சக்கரத்தில் எடுப்பாள். அது கொஞ்சம் இறுகினதும் மண்ணைத் தடித்த கயிறாக உருட்டி மேலே சுற்றி வைத்து, மறுபடி சக்கரத்தை ஓட்டி இழுப்பாள். கழுத்துக்கு வரும்போது கை முழங்கைவரை உள்ளே இருக்கும். அப்போது கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஒரு ஜாடி சரிந்து விழுந்தால் அதே மண்ணைப் பிசைந்து மறுபடி ஆரம்பிப்பாள். முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது.

கண்காட்சித் திறப்புக்குச் சென்னையிலிருந்து ஒரு கேலரி நடத்துகிற அம்மையார் வருவதாக இருந்தது. எங்கள் அருங்காட்சியக டைரக்டர்தான் பேசி ஏற்பாடு செய்திருந்தார். அந்த அம்மையாருக்குப் பிடித்துவிட்டால் ஷைனிக்குத் தனியாக ஒரு கண்காட்சி கிடைக்கலாம். இதுவரை கிடைத்ததில்லை.

இந்த நிலைமையில்தான் பழனிச்சாமி வந்து நின்றார்.

3. கோழிச் செட்டு

டைரக்டருக்குப் போன் போட்டேன். உடனே வந்துவிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் அழைப்பிதழ் எல்லாம் போய்விட்டது.

"பர்மிஷன் எல்லாம் முறையா வாங்கித்தானுங்க கட்டியிருக்கோம். ஒரு நாள் புகைதானுங்களே. ஷைனி, நீங்க டென்ஷன் ஆகாதீங்க. ஷெட்யூல் படியே போலாம்."

பழனிச்சாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஷைனி என் பக்கம் திரும்பினாள்.

"சேச்சி, நான் போய் ஒண்ணு பார்த்துட்டு வரட்டா?"

அவளோடு நானும் போனேன். செட்டு வாசலில் மருந்துத் தண்ணீர் ஊற்றிய தட்டு இருந்தது. அதில் காலை நனைத்துவிட்டு, அவர் கொடுத்த செருப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே போனோம். தரை முழுக்கத் தேங்காய் நார்த்தூள். சுற்றிலும் படுதா இறக்கியிருந்தது. தகடு வளைத்து வட்ட வட்டமாகத் தடுப்பு கட்டி, ஒவ்வொன்றிலும் பல்பு தொங்கவிட்டிருந்தார். அதற்குள் மஞ்சள் மஞ்சளாகக் குஞ்சுகள். கீச்சுக் கீச்சென்று ஒரே சத்தம்.

"முன்னொருக்கா அந்தப் பக்கத்துக் காட்டுல சோளத்தட்டுப் போர் தீப்புடிச்சிருச்சுங்க," என்றார் பழனிச்சாமி. "புகை உள்ள வந்ததும் பயந்துபோட்டு எல்லாம் ஒரே மூலைக்கு ஓடுதுங்க. ஒண்ணுமேல ஒண்ணு ஏறி, அடியில இருந்ததெல்லாம் மூச்சு முட்டிச் செத்துப்போச்சு. நானும் எம்பட ஊட்டுக்காரியும் கையில அள்ளி அள்ளி வெளிய போட்டோம்."

"பெருசானா பரவால்லையா அண்ணா?" என்று ஷைனி கேட்டாள்.

"பெருசானாலும் கோழிக்குப் புகை ஆவாதுங்க. இந்த பேட்ச் வளந்து வண்டியில ஏத்தி உடற வரைக்கும், ஒரு நாப்பது நாளைக்கு, எனக்கு பயந்தானுங்க."

வெளியே வந்தோம். ஷைனி செட்டுக்கு முதுகு காட்டி நின்று எங்கள் சூளையின் சிம்னியைப் பார்த்தாள். காற்று அங்கிருந்து நேராக அவள் முகத்தில் அடித்தது. அவளுடைய முந்தானை பின்னால் பறந்து படுதாவைத் தொட்டது.

"அண்ணா, நாளைக்குச் சுடல்ல," என்றாள். "பேடிக்க வேண்டாம்."

அவருக்கு அந்தச் சொல் புரியவில்லை. பயப்பட வேண்டாம் என்கிறாள் என்று நான் சொன்னேன். அவர் கைகூப்பினார். அவளுக்கு அது பிடிக்கவில்லை போலிருக்கிறது. அவருடைய கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள்.

4. பச்சை மண்

டைரக்டருக்கு அன்று நல்ல கோபம்.

"கேலரி மேடம் உங்களுக்காகத்தானுங்க அத்தனை தூரம் வர்றாங்க. என்னத்தைக் காட்டப் போறீங்க?"

"செஞ்சதைக் காட்டறேன் சார். பச்சையா."

காஸ் சூளையில் சுடலாமே என்று கேட்டார். அதன் வாய் சின்னது. அந்த ஜாடிகள் உள்ளே நுழையாது. அவருக்கும் அது தெரியும். கேட்காமல் இருக்க முடியவில்லை.

அடைத்த வாயைப் பிரித்து ஜாடிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். சுடாத மண் பாத்திரத்தைத் தூக்குவது தூங்குகிற பிள்ளையைத் தூக்குவது மாதிரி. விளிம்பைப் பிடிக்கக் கூடாது. அடியில் ஒரு கை, வயிற்றில் ஒரு கை. ஷைனி அப்படித்தான் சுமந்தாள். ஒருமுறை மட்டும், காலியான சூளைக்குள் குனிந்து நின்றவள் வெளியே வருவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. நான் கூப்பிடவில்லை.

திறப்பு விழாவில் ஜாடிகள் சாம்பல் நிறத்தில் வரிசையாக நின்றன. தொடாமல் இருக்கக் கயிறு கட்டியிருந்தோம். வந்தவர்கள் எல்லோருக்கும் ஷைனி சொல்லிக்கொண்டே இருந்தாள்: "இது இன்னும் வேகல்ல. தண்ணி பட்டா மண்ணாயிடும்." கேலரி அம்மையார் ஒவ்வொன்றையும் நின்று பார்த்தார். "சுட்ட பிறகு போட்டோ அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்.

பழனிச்சாமியும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். அந்த அம்மா பட்டுச் சேலை கட்டியிருந்தார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு ஷைனியிடம் கேட்டார்:

"ஏனுங்க அம்மணி, எங்களாலதான் இதெல்லாம் வேகாம நிக்குதுங்களா?"

"உங்களாலே அல்ல சேச்சி. காற்று. வேற ஒண்ணும் இல்ல."

ஷைனி சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அன்று காலையிலிருந்து அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

5. செட்டு காலி

ரெசிடென்சி முடிந்து அவள் ஊருக்குப் போய்விட்டாள். சுடாத ஜாடிகளை வண்டியில் கொண்டுபோக முடியாது. உடைந்துவிடும். ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிச் சாவியை நான் வைத்துக்கொண்டேன். அதில் ஒன்று தானாக விரிசல் விட்டது. போனில் சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அது மண்ணோட இஷ்டம் சேச்சி. நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

புரட்டாசி பிறக்கும் சமயத்தில் பழனிச்சாமியே வந்தார்.

"வண்டி வந்து கோழியெல்லாம் ஏத்திட்டுப் போயிருச்சுங்க. செட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடிச்சு, அடுத்த குஞ்சு எறக்கற வரைக்கும் காலியாத்தான் கெடக்கும். அந்த அம்மணியை வரச் சொல்லுங்க."

ஷைனி லீவு போட்டுவிட்டு ரயிலேறி வந்தாள். மறுபடி அடுக்கினோம். பழனிச்சாமி தன் தோட்டத்து வேல மரத்து விறகைக் காய்ந்ததாகப் பார்த்துக் கொண்டுவந்து போட்டார். விடிவதற்குள் பற்றவைத்தோம். மதியம்வரை சூடு நன்றாக ஏறியது. பிறகு காற்று வலுத்துவிட்டது. விறகு போடுகிற தீவாய்க்குள்ளேயே நேராக அடித்தது. விறகு போடப் போட மீட்டரில் சூடு ஏறாமல் நின்றது. அதற்குப் பிறகு இறங்க ஆரம்பித்தது. இறங்கிவிட்டால் சாம்பல் உருகாது. எல்லாம் சொரசொரவென்று நின்றுவிடும்.

ஷைனி நாலாபக்கமும் பார்த்தாள். "அண்ணா, செட்டில தொங்கற அந்தப் படுதா கிட்டுமா?"

பழனிச்சாமி ஓடினார். அவரும் அவர் மனைவியும் படுதாவைச் சுருட்டிச் சுமந்து வந்தார்கள். சூளைக்கு மேற்கே தள்ளி, இரண்டு தென்னைக்கு நடுவில் இழுத்துக் கட்டினோம். காற்று அதில் மோதி பாய்மரம் மாதிரி புடைத்தது. தீவாயில் அலைந்துகொண்டிருந்த தீ நிமிர்ந்தது. மீட்டர் மெல்ல ஏறியது. பொழுது சாயும்போது ஷைனி சூளைச் சுவரில் விட்டிருந்த துளைவழியாக உள்ளே பார்த்துவிட்டு, "போதும்" என்றாள்.

ஆறினபிறகு திறந்தோம். பின்வரிசையில் ஒரு சுடுமண் பலகை சரிந்து மூன்று ஜாடிகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. முன்வரிசை ஜாடிகளில் சாம்பல் உருகி, தோளிலிருந்து பச்சை நிறமாக வழிந்து, வயிற்றுக்கு வரும்போது மழைத் தண்ணீர் நின்ற செம்மண் நிறமாகியிருந்தது. தீ பட்ட பக்கம் ஒரு நிறம். படாத பக்கம் வேறு நிறம். ஷைனி தரையில் உட்கார்ந்துவிட்டாள். பழனிச்சாமி அருகில் போய் ஒரு ஜாடியை விரலால் சுண்டினார். கணீரென்றது. "வெந்துபோச்சுங்க அம்மணி," என்றார்.

6. எனக்குக் கிடைத்தது

ஒரு ஜாடி எங்கள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்றவை கண்ணூருக்குப் போயின. போட்டோக்களை நான்தான் எடுத்தேன். ஷைனி அவற்றைக் கேலரி அம்மையாருக்கு அனுப்பினாள். பதில் வரவில்லை. மறுபடி ஒருமுறை அனுப்பினாள். அதற்கும் வரவில்லை. தனிக் கண்காட்சி அவளுக்கு இன்றுவரை அமையவில்லை. இன்னும் அதே பள்ளிக்கூடத்தில்தான் டிராயிங் சொல்லிக்கொடுக்கிறாள்.

இப்போதெல்லாம் ரெசிடென்சித் தேதி குறிப்பதற்குமுன் டைரக்டர் என்னைப் பார்த்து, "பழனிச்சாமி அண்ணன்கிட்ட பேட்ச் எப்போன்னு கேட்டீங்களா?" என்கிறார். புதிதாக வருகிறவர்களில் சிலர் சிரிக்கிறார்கள். சிலர் முகம் சுளிக்கிறார்கள். விளக்கிச் சொன்னால் ஒத்துக்கொள்கிறார்கள். முன்கூட்டியே தெரிந்தால் யாருக்கும் கஷ்டம் இல்லை. ஷைனிக்குச் சூளை மூட்டுவதற்கு முந்தின நாள் காலையில்தான் தெரிந்தது.

போன பொங்கலுக்கு அவளோடு போனில் பேசினேன். எனக்குள் நெடுநாளாகக் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "உனக்கு அதுல வருத்தமே இல்லையா கண்ணு?"



"உண்டு சேச்சி. நல்லா வருத்தம் உண்டு. அந்த அம்மா வண்டியில ஏறிப் போனது இப்பவும் கண்ணில நிக்குது. ஆனா மறுபடி அந்தக் காலை வந்தாலும் அதையேதான் செய்வேன்."

நல்லது செய்கிறவர்களுக்கு மனசு லேசாக இருக்கும், அதனால்தான் அவர்களால் செய்ய முடிகிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நம்மைப் போலவே அவர்களுக்கும் வலிக்கிறது. வலிக்கும் என்று தெரிந்தேதான் செய்கிறார்கள்.