பத்துப் பேரும் தூங்கினார்கள்

பண்ருட்டியைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். மேல்பட்டாம்பாக்கத்து அரிசி ஆலையில் இரவெல்லாம் நெல் அவிக்கும் வேலை; அடுப்பின் முன்னாலேயே தூங்கிவிடுகிறேன் என்று அன்று விடியற்காலையில் போகச் சொல்லிவிட்டார்கள். நெய்வேலிச் சுரங்கத்தில் ஆள் எடுப்பதாகக் கேள்வி. அங்கேயும் நைட் ஷிப்டு உண்டாம். தூக்கத்தை ஜெயிக்க முடியாதவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? வழியெல்லாம் அதே யோசனை.

முத்தாண்டிக்குப்பம் அருகே, ஞாயிறு ஆராதனை முடிந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சண்டை போட்டபடி முன்னால் போனார்கள். அவர் சுரங்கத்தில் பம்பு பார்ப்பவர் என்று சண்டையிலிருந்தே தெரிந்தது. நைட் ஷிப்டு முடிந்து நேரே கோவிலுக்கு வந்து, பிரசங்கத்தின் நடுவே குறட்டை விட்டிருக்கிறார்.

"முழிச்சிருந்து ஜெபம் பண்ணுங்கன்னு பாதிரி ஐயரு சொல்லிகினு இருக்காரு, நீ தூங்கிகினு இருக்க! சபையே திரும்பிப் பாக்குது."

"ஆண்டவரே படவுல தலவாணி வெச்சிகினு தூங்கினாரு, தெரியுமாடி? வெளிய புயலு!"

"அவரு எழுந்து புயல அடக்குனாரு. நீ எழுந்து காப்பி கேட்ட!"

நான் சிரித்துவிட்டேன். அவள் திரும்பினாள். "இன்னா தம்பி சிரிப்பு? படிக்கத் தெரியுமா?"

மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை என்றேன். முந்திரி மர நிழலில் உட்காரவைத்து, கட்டுச்சோற்றில் எனக்கும் ஒரு பங்கு கொடுத்து, வேதாகமத்தை நீட்டினாள். "பத்துக் கன்னிகைங்க கதையப் படி. இந்தாளு காதுல வுழட்டும்."

மணவாளனை எதிர்கொள்ள விளக்கோடு போன பெண்கள். புத்தியுள்ள ஐந்து பேர் எண்ணெயும் எடுத்துப்போனார்கள்; புத்தியில்லாத ஐந்து பேர் எடுக்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படித்தேன். மணவாளன் வரத் தாமதமாகிறது. அந்த இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. மறுபடி படித்தேன். எத்தனையோ முறை கேட்ட கதை; முட்டாள்கள் மட்டுமே தூங்கினார்கள், அதனால்தான் கல்யாண வீட்டுக் கதவு அவர்களுக்கு அடைபட்டது என்று நினைத்திருந்தேன். எழுந்தே நின்றுவிட்டேன்.

"அக்கா, அஞ்சு பேர் இல்ல, பத்துப் பேருமே தூங்கிட்டாங்க! தூங்கினதுக்காக யாரையும் வெளிய நிறுத்தல. எண்ணெய் இல்லாததுக்குத்தான்!"

"பாத்தியா!" என்று துள்ளினார் அவர்.

"துள்ளாத. உன் எண்ணெய் எங்கய்யா?"

"பகல் தூக்கம்தான்டி என் எண்ணெய். வெறகு பொள, தண்ணி தூக்குன்னு அத வடிச்சிடற. ராத்திரி எதுல எரியறது?"

அவள் சிரித்தாள். "செரி, இன்னிக்குத் தூங்கு. எழுப்பல."

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. ஆலையில் பகலில் மூட்டை தூக்கிவிட்டு இரவில் அடுப்பெரித்தவன் நான். என் உடம்பில் குறையே இல்லை!

"அண்ணே, பம்புக்கு ஆள் வேணுமா?"

"வேணும், காண்ட்ராக்டுல. பம்பு நின்னா ஊத்துத் தண்ணி சுரங்கத்துல ஏறிடும். முழிச்சிருப்பியா?"

"பகல்ல தூங்க வுடுவாங்களா?"

"பகலு உன்னுது தம்பி. யாரு கேக்கறது?"

அன்று மத்தியானம் அவர்கள் குவார்ட்டர்ஸில் நானும் அவரும் வெறுந்தரையில் அடுத்தடுத்துப் படுத்துத் தூங்கினோம். மறுநாள் காலை மேஸ்திரி முன்னால் போய் நின்றேன். பகல் ஷிப்டில் மண் அள்ளவும் ஆள் தேவை என்றார். நான் நைட் ஷிப்டு பம்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.