மதில் தாண்டிய முருங்கைக் கிளை

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பதினொன்றாம் விதி தெளிவானது: பக்கத்து வீட்டு மரக்கிளை மதில் தாண்டி வந்தால், வீட்டு உரிமையாளர் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம், ஒரு வாரத்தில் கிளை வெட்டப்பட வேண்டும். அந்த விதியை எழுதிக் கொடுத்தவன் நான். பணிக்காலம் முழுக்க அரசு அலுவலகத்தில் விதிகளோடு புழங்கிய கை.

தாண்டி வந்தது முருங்கை. மரத்துக்காரர் இரும்புலியூரின் பழைய குடி. எங்கள் மனைகளெல்லாம் ஒரு காலத்தில் அவர் அப்பாவின் வயல். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். மாலையில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன் வரை நடப்பார். மதியத்தில் அவர்கள் வீட்டிலிருந்து இருவரும் சிரிக்கும் சத்தம் கேட்கும். எழுபது வயதில், கதவைச் சாத்திக்கொண்டு சிரிக்க என்ன இருக்கிறது? எனக்குத் தெரியவில்லை. தெருவுக்குத் தெரிந்திருந்தது: எல்லாம் முருங்கைக்காய் செய்கிற வேலை.

மாசியில் ஒரு காலை, என் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவர் ஒரு கட்டுக் காயை மதில்மேல் வைத்தார்.

"இந்தாம்மா, பிஞ்சா கீது. சாருக்கு வாரத்துல ரெண்டு நாள் போடு. அப்பால ஃபைலெல்லாம் மூடிட்டு உன் பின்னாலயே சுத்திகினு இருப்பாரு."

"அதுக்கு உங்க மரம் மொத்தமும் பத்தாதுண்ணா!"

இருவரும் சிரித்தார்கள். நான் பத்தடி தள்ளி செய்தித்தாளோடு நின்றிருந்தேன். நாற்பது வருடத்தில் என் பேச்சு எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

அன்றே இரண்டு காரியம் செய்தேன். தாம்பரம் மார்க்கெட்டில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் வாலிபம் திரும்பும் என்று சொல்லப்படும் அமுக்கரா லேகியம் ஒரு டப்பா வாங்கி, அலமாரியில் பழைய கோப்புகளுக்குப் பின்னால் வைத்தேன். அதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இருந்தும் கடைக்காரரிடம் வேளையும் அளவும் கேட்டுக்கொண்டேன். பிறகு புகார் எழுதினேன். பொருள்: கம்பளிப்பூச்சித் தொல்லை. இணைப்பு: புகைப்படம் மூன்று.

சங்கச் செயலாளர் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டார். "சார், வீடு மேடம் பேர்ல இருக்கு. ஓனர் சைன் வேணும். ரூல் நீங்க போட்டதுதானே சார்."

மனைவியிடம் நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள்.

"இப்ப எங்க கம்பளிப்பூச்சி இருக்கு? இது போன மழைக்கு எடுத்த போட்டோ."

"வருமுன் நடவடிக்கை."

"உங்களுக்குப் பிரச்சினை பூச்சியா, காயா?"

"பூச்சி."

"சரி, பரிசீலிக்கிறேன்" என்று சொல்லி, தாளைச் சமையலறைக்குள் எடுத்துப் போனாள்.

ஒரு மாதம் ஓடியது. இரண்டு நினைவூட்டல்களை எழுதி ஃபிரிட்ஜ்மேல் வைத்தேன். இரண்டையும் மடித்து மிளகாய்த்தூள் டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தாள். மதில்மேல் காய் வந்துகொண்டேயிருந்தது. சாம்பாரில் அதை மட்டும் நான் தட்டோரம் ஒதுக்கினேன். அவள் ஒவ்வொரு துண்டாக நிதானமாக மென்றாள், மதில் பக்கம் பார்த்தபடி.

ஒரு மதியம் சாம்பாரில் காயை ஒதுக்கிவிட்டு டம்ளரை எடுத்தால், அடியில் என் புகார். கையெழுத்து இல்லை. ஓரத்தில் பச்சை மையில் அவள் எழுத்து:

"பரிசீலிக்கப்பட்டது. கிளை இருக்கட்டும். கோப்புகளுக்குப் பின்னால் இருந்த டப்பா கண்டெடுக்கப்பட்டு அப்புறப்படுத்தப்பட்டது. மனுதாரர் இன்று மாலை உரிமையாளருடன் ஸ்டேஷன் வரை நடந்து வரவும். கையைப் பிடித்துக்கொண்டு."

தட்டோரம் ஒதுக்கியிருந்த காயை எடுத்துக் கடித்தேன். நல்ல பிஞ்சு. குறிப்புக்குக் கீழே தேதியும் போட்டிருந்தாள்: பங்குனி உத்திரம்.