பனிக்குள் எடுத்த குரூப் போட்டோ

மாமனார் வீட்டுக் கல்யாணத்துக்குப் படம் எடுக்க பெங்களூரிலிருந்து ஆள் வருகிறார் என்று என் மனைவிதான் வந்து சொன்னாள். ஐம்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம் அது. ஓசூர்க் கடைத்தெருவில் நான் போட்டோ ஸ்டுடியோ வைத்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. சுற்றுப்பட்டில் எந்தக் கல்யாணம் என்றாலும் கேமராப் பெட்டியைச் சுமந்துகொண்டு போகிறவன் நான். என் சொந்தக் கொழுந்தியாள் கல்யாணத்துக்கு மட்டும் கையை வீசிக்கொண்டு போய்ப் பந்தியில் உட்கார வேண்டுமாம். உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். மாட்டையாவது சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய்ப் பார்ப்பார்கள், என்னை அதுவும் செய்யவில்லை.

"பல்பு வச்ச கேமராவாம். வெய்யிலே வேணாமாம். எங்கப்பாவுக்கு அதான் புடிச்சிப் போச்சு," என்றாள்.

எனக்கோ வெயில்தான் எல்லாம். எங்கள் பக்கத்தில் மாதத்துக்கு ஒரு வெளிச்சம். சித்திரையில் கிருஷ்ணகிரிப் பக்கம் முகூர்த்தம் என்றால், உச்சி நேரத்தில் மாப்பிள்ளைக்குக் கண் இருக்கிற இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான் விழும். மாமர நிழலுக்கு இழுத்துப் போய்விடுவேன். ஆவணியில் மேகம் மூடியிருந்தால் கொண்டாட்டம். வெள்ளை வேட்டியும் கறுத்த முகமும் ஒன்றையொன்று கெடுக்காமல் படியும். தையில் மட்டும் ஒன்பது மணிக்கு முன் கேமராவைத் திறக்கவே மாட்டேன். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பனி அப்படி. பத்தடி தள்ளி நிற்கிற எருமை தெரியாது. "சூரியன் எழுந்து பல்லு வெளக்கிட்டு வரட்டும்னு உக்காந்திருக்கீங்களா மாப்ள?" என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டுமே. என் படத்தில் மூஞ்சி இருக்கும்.

இதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. என் மாமனார் அதுவரை ஒரு படத்துக்கும் உட்கார்ந்ததில்லை. எங்கள் கல்யாணப் படத்தில்கூட அவர் கிடையாது. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம்புகிற ஆள். ஏழு வருஷமாக நான் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. அந்த மனிதர் இப்போது பெங்களூர்க்காரருக்கு உட்காருவேன் என்கிறார்! ஏன் மாமா என்று கேட்டே விட்டேன்.

"வெய்யிலு நம்மகிட்டருந்து உசுர இழுக்கும் மாப்ள. பல்பு அப்படியில்ல. அது வெளிச்சத்த நமக்குக் குடுக்குது. குடுக்கறதுல என்னா கெடுதி?"

போய் உட்காருங்கள் என்று மனதுக்குள் பொருமிக்கொண்டு வந்துவிட்டேன்.

கல்யாணம் திங்கட்கிழமை. விடியற்காலையில் தாலி ஏறியது. ஏழரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் பெண்ணை வேப்பனப்பள்ளிக்கு வண்டி ஏற்றி அனுப்பியாக வேண்டும். பெங்களூர்க்காரர் கோட்டுப் போட்டிருந்தார். தாம்பாளம் போல ஒரு வட்டத் தகடு, நடுவில் பல்பு. பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாசற்படியில் கிட்டத்தில் நிறுத்தி ஒன்று எடுத்தார். அது நன்றாக வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால் இன்னும் எரிந்தது.

அடுத்தது குரூப். புதிதாக ஓடு மாற்றிய வீடு தெரிய வேண்டும் என்று மாமனார் எல்லோரையும் களத்தில் உட்காரவைத்தார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு நடு நாற்காலியில் அவர். இருபது பேரும் அடங்க வேண்டுமே என்று பெங்களூர்க்காரர் பின்னால் போனார், இன்னும் பின்னால் போனார். அவருக்கும் கூட்டத்துக்கும் நடுவே பால் மாதிரி பனி. மண்டபத்துக்குள் எடுத்துப் பழகியவர்; திறந்த வெளியில் பனியின் மேல் பல்பு அடித்தால் பனிதான் வெளிச்சமாகும், ஆட்கள் அதற்குப் பின்னால் மறைந்துபோவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எனக்குத் தெரியும். "எல்லாரும் கூடத்துக்குள்ள வாங்க, அங்க எடுக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூத்த மாப்பிள்ளை சொன்னால் யார் தட்டப் போகிறார்கள்?

கொழுந்தியாள் மாலையும் கழுத்துமாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மாமா, இந்தப் பனியில நல்லா வருங்களா?"

"வரும், வரும். பெங்களூர் கேமராவாச்சே," என்றேன்.

"இல்லி நோடி, இல்லி நோடி" என்று, இங்கே பாருங்கள் என்பதைப் பெங்களூர்க்காரர் கன்னடத்தில் கூவ, மாமனார் அந்தப் பக்கமே பார்த்தார். பல்பு வெடித்தது. ஒரு கணம் களம் முழுக்க வெள்ளையானது. எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? சந்தோஷமாகத்தான் இருந்தது.

படம் மாசியில் வந்தது. வாசற்படிப் படம் அருமை. குரூப்பில் ஓரத்தில் நாலு கால்கள், நடுவில் ஒரு தலைப்பாகை, மீதி எல்லாம் வெள்ளை. மாமனார் கோபித்துக்கொள்ளவே இல்லை. "எல்லாரும் மேகத்துல உக்காந்திருக்கோம்டா" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த கல்யாணத்துக்கு உங்களைத்தான் கூப்பிடுவோம் மாப்ள என்றார். நானும் சிரித்தேன். ஜெயித்துவிட்டேன் அல்லவா?

ஐப்பசி மழையில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்தே நாள். போய்விட்டார்.

கருமாதிக்கு மாலை போட ஒரு படம் வேண்டும் என்றார்கள். என் மனைவி அந்த குரூப் படத்தை எடுத்து வந்து என் மேசைமேல் வைத்தாள். "இதுலருந்து எங்கப்பாவ எடுத்துக் குடுங்க. நீங்க நெனச்சா முடியும்," என்றாள்.

பெரிதாக்கிப் பார்த்தேன். தலைப்பாகை வந்தது. மீசை இருக்கிற இடத்தில் ஒரு மங்கல். கண் இல்லை. பென்சிலைச் சீவிக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்தேன். நான் வரைந்த கண்கள் யாருடையதாகவோ இருந்தன. மூன்றாம் நாள் பென்சிலை வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்: "முடியல. அன்னிக்கு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சும்மா இருந்தேன்."

அவள் படத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் தெரியுங்க. ஏழு வருசமா தையில ஒம்போதுக்கு முன்னாடி நீங்க பெட்டிய தொறந்து நான் பார்த்ததில்ல. தங்கச்சி உங்கள கேட்டப்ப பக்கத்துலதான் நின்னேன். நான் வாயத் தொறந்தா நாலு பேரு முன்னாடி உங்க மானம் போயிடுமேன்னு பேசாம இருந்துட்டேன்," என்றாள். "எங்கப்பா மூஞ்சியே போயிடுச்சு."