ஆற்றங்கரையில் யாசீன்

ஈரச் சாக்கு வாடையும் சாம்பிராணிப் புகையும் கலந்து கிடந்த எங்கள் வீட்டில் அன்று பிற்பகல் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். உம்மா இருந்தார். உம்மாவின் அண்ணன் காதர் மாமா இருந்தார். மலாயாவில் எங்கள் ஊரான லாயாங் லாயாங்கில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த லெப்பை இருந்தார். தொட்டிலில் தம்பி. தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி நான். எனக்கு எட்டு வயது. அத்தா மட்டும் இல்லை.

அத்தா ரப்பர் தோட்டம் தோட்டமாகப் போய்த் துணி விற்பவர். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு மழைக்காலம். ஆற்றுக்கு அக்கரைத் தோட்டத்தில் அன்று சம்பள நாள். சம்பள நாளில் போகாவிட்டால் துணி விற்காது. காலையில் மூட்டையைச் சைக்கிளில் ஏற்றும்போது உம்மா வானத்தைப் பார்த்தார்.

"இன்னைக்கு வேணாங்க."

"அல்லா பார்த்துக்குவான்."

"அல்லா பார்த்துக்குவான். நீங்களும் பாலத்தைப் பார்த்துப் போங்க."

பாலம் என்பது இரண்டு மரக்கட்டைகள். சைக்கிளை இக்கரையில் பூட்டிவிட்டு, மூட்டையைத் தலையில் வைத்து நடந்துதான் கடக்க வேண்டும். லுஹர் என்னும் நடுப்பகல் தொழுகைக்குத் திரும்பிவிடுகிறேன் என்று சொல்லிப் போனார். லுஹருக்கு வரவில்லை. மழை மட்டும் வந்தது.

ரயில்வேயில் தண்டவாள வேலையாட்களுக்கு மேலாளாக, மண்டோராக, இருந்த முனுசாமி, அத்தாவுக்குச் சிநேகிதர். அவர் தன் ஆட்களோடு பார்க்கப் போனார். சைக்கிள் நின்றது. பாலம் இல்லை. அத்தாவின் தொப்பி கொஞ்ச தூரம் கீழே ஒரு புதரில் சிக்கிக் கிடந்தது. அதை ஓர் ஆளிடம் கொடுத்தனுப்பிவிட்டு அவர்கள் ஆற்றோரமாகத் தேடிக்கொண்டே போனார்கள்.

உம்மா தொப்பியை வாங்கிப் பிழிந்தார். கொடியில் போட்டார். அழவில்லை.

"பொம்பளைங்க நாம என்ன செய்ய முடியும். சபூர் செய்யணும்" என்றார் காதர் மாமா. பொறுமை செய் என்று அர்த்தம். "பொம்பளைங்க நாம" என்று அவர் சொன்னது யாருக்கும் சிரிப்பாக இல்லை. பயத்தில் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை.

லெப்பை குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓத உட்கார்ந்தார். எங்கள் ஆட்களுக்கு ஆபத்து என்றால் யாசீன்தான். வீட்டில் மய்யித்து, இறந்தவர் உடல், கிடந்தாலும் அதே யாசீன்தான். மாமாவும் கூட ஓதினார். எனக்குத் தெரிந்த இடங்களில் நானும் ஓதினேன். மழை விட்டிருந்தது. லெப்பைக்கு வெண்கலக் குரல். அந்த அமைதியில் அது ரயில் ரோடு வரைக்கும் போயிருக்கும்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கம்பத்து, மலாய்க் கிராமத்து, அம்மா மக் திமா வந்தார். தலையில் வெள்ளைத் துணி. கையில் ஒரு கிண்ணம் அரிசி. மலாய்க்காரர்கள் சாவு வீட்டுக்கு அப்படித்தான் வருவார்கள். வாசலிலேயே அழுதுகொண்டு, இறந்தவருக்குச் சொல்லும் வார்த்தையைச் சொன்னார். உம்மா கிண்ணத்தையே பார்த்தார். வாங்கவில்லை.

அவருக்குப் பின்னால் மண்டோர். பின்னால் அவருடைய ஆட்கள். எல்லாரும் இடுப்பு வரை சேறு. மண்டோர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார்.

"அக்கா, பாயை எப்ப கொண்டாந்தாங்க?"

"யாரு கொண்டாந்தா?" என்றார் உம்மா. "நீங்கதானே தேடிக்கிட்டு இருந்தீங்க?"

மண்டோர் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மக் திமா மகன் ஓடியாந்தான். வீட்டுல யாசீன் ஓதுறாங்க, ஆள் வந்துருச்சுன்னான். யாசீன்னா எங்களுக்குச் சாவுன்னுதானே தெரியும். கரையை விட்டுட்டு வந்துட்டோம்."

இப்போது யாருமே தேடவில்லை. அத்தா ஆற்றில் இருக்கிறார், தேடியவர்கள் எல்லாரும் எங்கள் வாசலில் நிற்கிறார்கள். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. மஃரிப் என்னும் அந்தித் தொழுகைக்கு அதிக நேரம் இல்லை.

"லெப்பை, நிறுத்துங்க" என்றார் உம்மா.

காதர் மாமா எழுந்துவிட்டார். "யாசீனை நிறுத்தச் சொல்றியா? நாக்கு அழுகிப் போயிடும்!"

"அழுகட்டும். யாக்கூபு நபிக்கு மகன் காணாமப் போனதைக் குர்ஆன்ல சொல்லியிருக்குன்னு லெப்பைதான் சொன்னாங்க. அவங்க செஞ்சது அழகான பொறுமைன்னாங்க. அந்தப் பொறுமைசாலிதான் மத்தப் புள்ளைங்களைக் கூப்பிட்டு, போய்த் தேடுங்க, அல்லாவோட ரஹ்மத்துல, அவன் கருணையில, நம்பிக்கை இழக்காதீங்கன்னாங்க. உக்காந்திருங்கன்னு சொல்லல. சொன்னாங்களா லெப்பை?"

லெப்பை ஓதிக்கொண்டிருந்த ஆயத்தை, அந்த வசனத்தை, முடித்தார். கிதாபை முத்தமிட்டு மூடி, மாடத்தில் வைத்தார்.

"சொல்லல" என்றார். "எனக்கு யாசீன் மனப்பாடம். நடந்துகிட்டே ஓதுவேன்."

கைலியைத் தூக்கிக் கட்டினார். மண்டோர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"லெப்பை, நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப தண்ணிப் பக்கம் வந்துராதீங்க. உங்களையும் தேட எங்ககிட்ட ஆள் இல்ல. கரையிலேயே நடந்து சத்தமா ஓதுங்க. பாய்க்குக் காது கேட்டா பதில் சத்தம் குடுப்பாரு."

எல்லாரும் போனார்கள். மக் திமா அரிசிக் கிண்ணத்தை வாசலில் வைத்துவிட்டு, தம்பியைத் தூக்கிக்கொண்டார். உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ரயில் மேட்டுக்கு நடந்தார். அங்கிருந்து ஆறு தெரியும். ஆறு என்று சொல்ல முடியாது. மரங்களுக்கு நடுவே செம்மண் தண்ணீர், அவ்வளவுதான். ஆட்கள் தெரியவில்லை. லெப்பையின் குரல் மட்டும் கேட்டது. கொஞ்சம் ஓதுவார். நிறுத்துவார். காதைக் கொடுப்பார். மறுபடி ஓதுவார். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் உம்மாவின் விரல்கள் என் கையை நெரித்தன. வலித்தது.

குரல் தூரமாகிக்கொண்டே போனது. பிறகு நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. அப்புறம் மண்டோரின் கூச்சல் கேட்டது: "கயிறு! கயிறு கொண்டாடா!"

பாலம் போனபோது அத்தாவும் கூடப் போயிருக்கிறார். வளைவில் ஒரு மரம் கைக்குக் கிடைத்திருக்கிறது. கை மரத்துவிடும் என்று தெரிந்து, விடாமல் பிடித்திருந்த மூட்டையைப் பிரித்து, விற்காத சேலைகளால் தன்னை மரத்தோடு இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. அவர் முனகியது லெப்பை ஓதாத நேரத்தில்தான் கேட்டிருக்கிறது. தூக்கி வந்தபோது உதடு நீலம். உம்மாவைப் பார்த்துச் சொன்னது இதுதான்:

"யாசீன் சத்தம் கேட்டுச்சு. சரி, நாம மௌத்தாயிட்டோம், செத்துட்டோம்னு நெனைச்சேன். அப்புறம் லெப்பை இருமுனாரு. மௌத்தானா இருமல் எதுக்குக் கேக்குதுன்னு சத்தம் போட்டேன்."

உம்மா அப்போதுதான் அழுதார்.

எனக்குப் படிப்பு கிடையாது. பொறுமைக்கும் நம்பிக்கைக்கும் பெரிய விளக்கம் சொல்லத் தெரியாது. இப்போது என் மருமகன் சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறார். மழை நாளில் வரத் தாமதமானால் மகள் வாசலைப் பார்த்துக்கொண்டு சபூர், சபூர் என்று முணுமுணுக்கிறாள். ஓது, ஓதிக்கொண்டே போன் போடு என்பேன். கூட வேலை செய்கிறவனைக் கேள், போகிற வழியில் ஆள் அனுப்பு. எல்லாம் செய்த பிறகும் பதில் வராத நேரம் ஒன்று இருக்கிறது பாருங்கள், பொறுமை அந்த நேரத்துக்கு உள்ளது. அதுவரைக்கும் கால் நடக்க வேண்டும்.

அந்த ஆற்றை இப்போது நேராக வெட்டி, கரை கட்டிவிட்டார்கள். மண்டோர் இருந்த ரயில்வே வீடுகள் இல்லை. யாசீன் கேசட்டில் ஓடுகிறது. கேட்டுவிட்டு அரிசிக் கிண்ணத்தோடு யாரும் ஓடி வருவதில்லை. தப்பாக வருகிறவர்கள்கூட இல்லை.

ஜப்பான்காரன் வந்தான், போனான். தம்பிக்குக் கல்யாணம் ஆனது. அதையும் அத்தா பார்த்தார். தண்ணீரிலிருந்து தூக்கிய பிறகு அவர் இருந்தது இருபத்தாறு வருஷம்.