குளக்கரையில் ஒரு கோலியாட்டம்

பட்டணத்தில் குண்டு விழும் என்று பயந்து, குடும்பத்தோடு திருத்தணிக்கு ஓடி வந்திருந்தோம். யுத்தம் முடிந்து வீடு தப்பினால் முடி கொடுப்பதாக வேண்டுதல். பயத்தில் எனக்கு அதுவரை பொறுக்கவில்லை. முன்கூட்டியே கொடுத்துவிடப் போனேன்.

அடிவாரக் குளக்கரையில் எனக்கு மொட்டை போட உட்கார்ந்த நாவிதருக்கு நரைத்த மீசை, காதில் கடுக்கன், மடியில் கோலிகள். என் தலையில் பாதி மழித்ததும் கத்தியை மடித்து வைத்துவிட்டுத் தரையில் குழி பறித்தார்.

“என்னய்யா இது?”

“கை மரத்துப் போச்சிங்க. காலையிலேந்து மழிச்சிகினே கீறேன். ஒரு ஆட்டம் ஆடினாத்தான் கத்தி நேரா போவும்.”

“என் தலை பாதியில நிக்குதே!”

“அது எங்க போவப் போவுது? நீங்களும் வாங்க நைனா.”

கோபத்தோடுதான் கோலியை வாங்கினேன். கடைசியில் அவருடைய கோலியை நான் அடித்துத் தெறிக்கவிட்டபோது, நாங்கள் போட்ட கூச்சலில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயித்த மிதப்பில், வெயிலுக்குத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மலையேறிவிட்டேன். அவரும் கும்பிட்டு அனுப்பிவைத்தார். மறந்துதான் போனாரா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சன்னிதியில் துண்டை அவிழ்த்தேன். குருக்கள் கற்பூரத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

“மிச்சம் எப்போ?”

“யுத்தம் முடிஞ்சப்புறம் சாமி” என்றேன், பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே.