முளைவிட்ட உளுந்துக்கு வந்த நிவாரணம்

வாசுதேவநல்லூருக்குக் கிழக்கே கரிசல் காட்டில் மாரித்தாய் உளுந்து போட்டிருந்தாள். நிலம் அவளுடையதில்லை. தென்காசியில் இருக்கும் சிவசைலம் அண்ணாச்சியுடையது, போலீஸில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். வாய்ப்பேச்சில் குத்தகை. புருஷன் இருந்த காலத்தில் தொடங்கியது, அவன் போன பிறகும் அவள் விடவில்லை. ஆம்பளை இல்லாத வீடு என்று யாராவது இழுத்தால், "உளுந்துக்கு அது தெரியுமா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

அந்த வருஷம் காய் கறுத்து, செடி பிடுங்க ஆள் சொல்லியிருந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தை மாசத்தில் அப்படியொரு மழையை அவள் பார்த்ததில்லை. மழை வெறித்து வெயில் வந்த பிறகு போய்ப் பார்த்தால், செடியில் நின்றபடியே காய்க்குள் உளுந்து முளைவிட்டிருந்தது. அடுத்த காட்டு ரெபேக்காள் வரப்பில் உட்கார்ந்து அழுதாள். மாரித்தாய்க்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. ரெபேக்காளுக்குச் சொந்தப் பட்டா, சிக்கல் இல்லை. மாரித்தாயிடம் வி.ஏ.ஓ. அனுசியா சொன்னாள்: "பயிர் வச்சது நீங்கதான்னு நிலத்துக்காரர் எழுதிக் குடுக்கணும்க்கா. இல்லன்னா பணம் அவர் பேருக்குத்தான் போவும்."

மறுநாளே மாரித்தாய் தென்காசிக்கு பஸ் ஏறினாள். அண்ணாச்சி காப்பி கொடுக்கச் சொன்னார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறியது.

"கணக்குல ஒன் பேரு ஏறினா, நாளைக்கு நிலமே என்னுதுன்னு ஒருத்தன் வந்து நிப்பான். எத்தனை கேசு பாத்திருக்கேன்! பணம் எனக்கு வரட்டும், நான் ஒனக்குத் தாரேன்."

நல்ல மனுஷர்தான், தந்தும் விடுவார். ஆனாலும் அவளுக்கு மனசு ஒப்பவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நிலம் ஒங்களுது அண்ணாச்சி. அழிஞ்சது என் பயிரு. நீங்க குடுத்தா அது தர்மம். சர்க்கார் குடுத்தா அது எனக்கு உள்ளது. ஒருக்கா வந்து காட்டப் பாருங்க, பொறவு சொல்லுங்க."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். இனி குத்தகையும் போச்சு என்று நினைத்துக்கொண்டே அவள் ஊர் திரும்பினாள்.

கணக்கெடுப்பு அன்றைக்கு அனுசியா செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, ரோட்டில் ஒரு கார் வந்து நின்றது. சிவசைலம் இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் வந்தவரின் செருப்பைக் கரிசல் பிடித்துக்கொண்டது. தடுமாறி விழப்போனவரை மாரித்தாய் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவர் ஒரு காயைப் பறித்துப் பிளந்தார். உள்ளே வெள்ளை வெள்ளையாக முளை. இன்னொன்றைப் பிளந்தார். அதுவும் அப்படித்தான்.

"இந்தக் காட்டுக்கு நான் வந்தே எவ்வளவு காலமாச்சு," என்றார் மெதுவாக. பிறகு அனுசியா பக்கம் திரும்பி, "எங்க கையெழுத்துப் போடணும்மா? குத்தகையையும் முறையா எழுதிருவோம் மாரித்தாயி. எனக்கும் பயமில்ல, ஒனக்கும் பயமில்ல" என்றார்.

ஆனியில் சாரல் தொடங்கிய சமயத்தில் பணம் அவள் கணக்கில் ஏறியது. நட்டத்துக்கு முழுசாகக் காணாது. உழவுக்கூலி பாக்கியைத் தீர்த்தாள், விதைக்கு எடுத்து வைத்தாள். மறுநாள் காலை ரெபேக்காள் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"ஏட்டி, கிளம்பு. குத்தாலத்துக்குப் போவோம்."

அருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். தண்ணீர் தோளில் தொம்தொம்மென்று விழ, இரண்டு பேரும் சின்னப்பிள்ளைகள் மாதிரி கத்தினார்கள். ஈரத்தலையோடு வெளியே வந்து சூடாக பஜ்ஜி தின்றார்கள். ரெபேக்காள் பஸ்ஸுக்கு நேரமாகுது என்றாள்.

"அடுத்த பஸ் வராமலா போவும்?" என்று சொல்லி, மாரித்தாய் அவள் கையைப் பிடித்து மறுபடியும் அருவிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.